எம்.எஸ்சி. சீட் இரண்டு கையில் வந்தால்: நெல்லைச் சீமை அறிவியல் துறைகள், நாலாவது செமஸ்டரை வைத்து ஒரு மதிப்பீடு

பி.எஸ்சி. கடைசிப் பரீட்சை முடிந்து மூன்று நான்கு இடங்களில் விண்ணப்பம் போட்டாயிற்று. இரண்டில் பட்டியலில் பெயரும் வந்துவிட்டது. எதில் பணம் கட்டுவது என்ற பேச்சு எழுந்ததும் வீட்டில் முதலில் வருவது கல்லூரியின் பேர், அடுத்து பஸ், அதற்கடுத்து கட்டணம். மூன்றும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் எம்.எஸ்சி.யின் தரம் தெரிவது நாலாவது செமஸ்டரில். முதல் மூன்று செமஸ்டர் பாடங்களை நல்ல புத்தகம் வைத்துக்கொண்டு எந்த ஊரில் இருந்தும் படித்துத் தேறிவிடலாம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரு லேபில், ஒரு கைடுக்குக் கீழ் செய்கிற பிராஜெக்டை அப்படி வெளியிலிருந்து ஈடுகட்ட வழி கிடையாது. பிஎச்.டி. நேர்காணலில் துருவிக் கேட்பது அதைத்தான். வேலைக்குப் போகும் லேபிலும் அதைத்தான். அதனால் நம் பக்கத்துத் துறைகளை இங்கே அந்த ஒரு கணக்கில்தான் எடைபோட்டிருக்கிறேன்.

அபிஷேகப்பட்டி

இங்கே வளாகம் வைத்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்தது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகள் இதன் கீழ் இருக்கின்றன. பல்கலைக்கழகத் துறையில் நேரடியாகச் சேருவதில் உள்ள பெரிய லாபம், அங்கே முதுகலையும் ஆராய்ச்சியும் ஒரே கூரைக்குக் கீழ் நடப்பது. பக்கத்து மேசையில் பிஎச்.டி. செய்யும் அக்காவோ அண்ணனோ இருப்பார்கள். கருவியை எப்படிச் சூடேற்றுவது, சாம்பிளை எப்படித் தயார் செய்வது, ரீடிங் ஏன் ஆடுகிறது என்பதையெல்லாம் சொல்லித்தருவது பெரும்பாலும் அவர்கள்தான். வகுப்பு நடக்காத நேரத்திலும் லேப் திறந்திருக்க அவர்களே காரணம்.

குறை, ஊரை விட்டுத் தள்ளி தென்காசி சாலையில் இருப்பது. தினமும் வந்துபோகிறவர்கள் பஸ்ஸைப் பார்த்துச் சோதனையைப் பாதியில் விடுவார்கள். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் ஒரு பி.சி.ஆர். ஓட இரண்டு மணி நேரம், அதன் பிறகு விளைவைப் பார்க்க ஜெல் ஓட ஒரு மணி நேரம். மத்தியானம் 2 மணிக்குத் தொடங்கினால் படம் எடுத்து முடிக்க 6 ஆகும். சங்கரன்கோவில், திசையன்விளை பக்கமிருந்து வருகிறவர்கள் நாலாவது செமஸ்டரிலாவது ஹாஸ்டலில் இருந்தாக வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வி: ஹாஸ்டல் கதவு மாலை எத்தனை மணிக்கு அடைப்பு, லேபில் வேலை இருந்தால் துறைத் தலைவரின் கடிதத்துக்கு நேரம் நீட்டித் தருகிறார்களா? இதைச் சேரும்போதே வார்டனிடம் கேட்டுவிட வேண்டும். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் கேளுங்கள். இந்த ஒரு விதியாலேயே நல்ல பிராஜெக்டுகள் சின்னதாகச் சுருங்கிப் போகின்றன.

அனுமதிக் கடிதத்தில் வளாகம் எது என்ற வரியைத் தவறாமல் பாருங்கள். சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது, கடல் அறிவியல் மையம் குமரி மாவட்டத்து ராஜாக்கமங்கலத்தில். இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன, ஒன்று மலையடிவாரம், மற்றொன்று கடற்கரை. அபிஷேகப்பட்டி என்று நினைத்துப் பணம் கட்டினால்தான் சிக்கல்.

பாளையங்கோட்டையும் சுற்றுப்புறமும்

தொடங்கிய வருடங்களைப் பாருங்கள்: தூய யோவான் கல்லூரி 1878, தூய சவேரியார் 1923, சதக்கத்துல்லாஹ் அப்பா 1971, தூத்துக்குடி வ.உ.சி. 1951, திருச்செந்தூர் ஆதித்தனார் 1965. இந்தப் பழைய கல்லூரிகளின் பலம் பணத்தால் ஒரே நாளில் வாங்க முடியாத பொருள்களில் இருக்கிறது. சவேரியார் கல்லூரித் தாவரவியல் துறையின் உலர்தாவரத் தொகுப்பு அதற்கு நல்ல உதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைப் பற்றிய பெரிய ஆய்வு அங்கிருந்துதான் வந்தது. வகைப்பாட்டியல் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு, ஒரு தாவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி, புதுக் கட்டடத்தில் ஏ.சி. போட்ட லேபை விடப் பெரிது.

ஆட்டோனமஸ் கல்லூரி என்றால் பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு மூன்றும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். ரிசல்ட் பொதுவாகச் சீக்கிரம் வந்துவிடும். பாடத்திட்டம் மட்டும் கல்லூரிக்குக் கல்லூரி நிறைய மாறும். ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் பாடத்திட்டத்தை ஒரு பக்கம், கல்லூரியின் நாலு செமஸ்டர் தாளை மறுபக்கம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். இயற்பியலில் குவாண்டம் மெக்கானிக்ஸ் இரண்டு தாளாக இருக்கிறதா, ஒன்றிலேயே ஒப்பேற்றியிருக்கிறார்களா? வேதியியலில் குரூப் தியரி முழு யூனிட்டாக வருகிறதா? விருப்பப் பாடம் என்று ஐந்து பாடங்களைப் போட்டிருந்தால், அவற்றில் போன வருடம் உண்மையில் நடந்தவை எவை என்று சீனியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் நடந்திருக்கும்.

ஒரே கல்லூரி, ஒரே துறைப் பெயர் இருந்தும் சீட் எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவில் கிடைத்ததா, சுயநிதிப் பிரிவில் கிடைத்ததா என்பதில் கட்டணம் பல மடங்கு மாறும். அதைவிட முக்கியமானது ஆசிரியர் விஷயம். சுயநிதிப் பிரிவில் அடிக்கடி ஆள் மாறினால், மூன்றாவது செமஸ்டரில் தலைப்பு தந்த கைடு நாலாவதில் இருக்க மாட்டார். எத்தனை பேர் ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். இருபது பிள்ளைகளுக்கு ஐந்து கைடு என்றால் தலைக்கு நாலு பேர், சமாளிக்கலாம். பத்துப் பேரை ஒருவரிடம் விட்டால் பிராஜெக்ட் குழு வேலையாகிவிடும்.

லேபுக்குள் அரை நாள்

பணம் கட்டுமுன் ஒரு வேலைநாளில் போய்ப் பாருங்கள், சனிக்கிழமை வேண்டாம். காலை 11 மணிக்கு மேல் போனால்தான் லேப் ஓடும் நிலையில் இருக்கும். துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, லேப் உதவியாளர் அண்ணாச்சியைப் பிடியுங்கள். எந்தக் கருவி வேலை செய்கிறது, எது துணி போர்த்தி நிற்கிறது என்பது அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

பிராஸ்பெக்டஸில் கருவிப் பட்டியல் எல்லாக் கல்லூரியிலும் நீளமாகவே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கருவிக்குப் பக்கத்தில் கிடக்கும் லாக் புக். கரைசல் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யு.வி. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் பக்கத்து நோட்டையே எடுத்துக்கொள்வோம். தேதி, பெயர், வகுப்பு, சாம்பிள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், கையெழுத்து என்று கட்டம் போட்டிருப்பார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான பக்கங்களைப் புரட்டுங்கள். பெயர்ப் பத்தியில் இரண்டாம் ஆண்டு எம்.எஸ்சி. பிள்ளைகள் தென்படுகிறார்களா? வேறு வேறு கையெழுத்தா, அல்லது எல்லா வரியும் ஒரே பேனா, ஒரே கையெழுத்தா? ஒரே கை என்றால் ஆய்வுக் குழு வருகைக்காக ஒரே நாளில் நிரப்பிய நோட்டாக இருக்கலாம். மூன்று மாதம் வெறுமையாகக் கிடந்து திடீரென்று தொடர்ந்தால் விளக்கு போய் மாற்றப் பணம் இல்லாமல் கிடந்தது என்று ஊகிக்கலாம். அந்தக் கருவிக்குள் புறஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கு சுமார் ஆயிரம் மணி நேரத்துக்குப் பிறகு சோர்ந்துவிடும். அதன் பிறகு 350 நானோமீட்டருக்குக் கீழே ரீடிங்கை நம்ப முடியாது. விளக்கு மாற்றிய தேதி நோட்டிலேயே குறிக்கப்பட்டிருந்தால் அந்தத் துறைக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

வேதியியல் லேபில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் போதும். ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் பெட்டியின் சுவிட்சைப் போடச் சொல்லி, கண்ணாடிக் கதவை ஒரு அடி தூக்கி, இடைவெளியில் பேப்பரை விரல் நுனியில் பிடியுங்கள். உள்பக்கமாக இழுக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் விசிறி வெறும் சத்தம்தான் போடுகிறது; பிள்ளைகள் அமில ஆவியையும் கரைப்பான் ஆவியையும் சுவாசித்துக்கொண்டுதான் இரண்டு வருடம் ஓட்டப்போகிறார்கள். ஹூட்டுக்குள் பழைய ரெக்கார்டு நோட்டும் காலி பாட்டிலும் அடுக்கியிருந்தால் சோதித்துப் பார்க்கவே தேவையில்லை.

இயற்பியலில் நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் படிக வளர்ப்பு நடக்கிறது. கரைசலை மெதுவாக ஆவியாகவிட்டு ஒற்றைப் படிகம் எடுக்க வாரக்கணக்கில் வெப்பநிலை ஆடாமல் இருக்க வேண்டும். கரைசலை ஒரே வெப்பநிலையில் வைக்கும் தொட்டியான கான்ஸ்டன்ட் டெம்பரேச்சர் பாத்துக்கு யு.பி.எஸ். இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு மணி நேர மின்தடையில் கரைசல் குளிர்ந்து, வேண்டாத குட்டிப் படிகங்கள் பொலபொலவென்று அடியில் இறங்கி, இருபது நாள் வேலை போய்விடும். கல்பாக்கத்துக்கோ ஐ.ஐ.டி.க்கோ போகிற பிள்ளைகளின் பிராஜெக்ட் கூட இப்படிச் சின்ன விஷயத்தில்தான் நின்றிருக்கிறது அல்லது விழுந்திருக்கிறது.

பிறகு நூலகத்துக்கோ துறை அலமாரிக்கோ போய்க் கடந்த ஐந்து வருட பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகளின் முதுகை மட்டும் வாசியுங்கள். உயிரியல், வேதியியல் இரண்டிலும் இன்று அதிகம் காணக்கிடைப்பது இலைச்சாறு வைத்துச் செய்யும் வெள்ளி நானோ துகள். செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான்: 10 கிராம் இலையை 100 மில்லி நீரில் கொதிக்க வைத்து வடிகட்டி, அதில் 10 மில்லியை 90 மில்லி வெள்ளி நைட்ரேட் கரைசலோடு சேர்ப்பார்கள். கரைசலின் செறிவு 1 மில்லிமோலார். மஞ்சள் பழுப்பாக மாறும், யு.வி.யில் 420 நானோமீட்டரை ஒட்டி ஒரு மேடு வரும், அதோடு முடிந்தது. கற்றுக்கொள்ள நல்ல சோதனை, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வருடமும் வேம்பு, துளசி, குப்பைமேனி, ஆவாரை என்று இலை மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் அங்கே கைடுக்குத் தனிக் கேள்வி எதுவும் இல்லை என்றுதான் பொருள். ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து, துகளின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி., உருவத்தைக் காட்டும் எஸ்.இ.எம். படங்களை எங்கே எடுத்தார்கள் என்று பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்துக்கோ கொச்சிப் பல்கலைக்கழக மையத்துக்கோ சாம்பிள் அனுப்புவது சாதாரணம், அதில் தவறில்லை. அந்தச் செலவு துறையுடையதா பிள்ளையுடையதா என்பதைக் கேட்டு, பிள்ளையுடையது என்றால் கட்டணக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணிதம் எடுத்தவர்களுக்கு இந்த லேப் சுற்று தேவையில்லை. நெட், கேட் தேர்ச்சிப் பட்டியலும், மாலை வரை திறந்திருக்கும் நூலகமும், கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத இரண்டு ஆசிரியர்களும் இருந்தால் போதும்.

இந்த மண்ணில் மட்டும் கிடைப்பது

வெளியூர் சீட்டோடு ஒப்பிடும்போது பலரும் கணக்கில் எடுக்காதது இது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் படுக்கையாக நிற்கும் காந்த நிலநடுக்கோடு நெல்லைக்கு மிக அருகில் செல்வதால்தான் அது இங்கே வந்தது. தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகல் வெளிச்சத்தில் கிழக்கு மேற்காக ஓடும் மின்னோட்டத்தைக் காந்தமானிகளாலும் ரேடாராலும் அளக்கிறார்கள். வளிமண்டல இயற்பியலில் ஆசையுள்ள பிள்ளை இந்த வேலைக்காக ஊரை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. விலங்கியலுக்குத் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பவளப்பாறை ஆய்வு நடக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம், தாமிரபரணிப் பாசனக் குளங்களின் நீர்ப்பறவைகளை வருடந்தோறும் கணக்கெடுக்கிறது.

துறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நாலாவது செமஸ்டரில் வெளியே போய் பிராஜெக்ட் செய்ய விடுவீர்களா, வாரத்துக்கு எத்தனை நாள்? சில இடங்களில் நாலாவது செமஸ்டரிலும் மூன்று தியரித் தாள் இருக்கும், வருகைப் பதிவும் 75 சதவீதம் வேண்டும். அப்படி என்றால் கிருஷ்ணாபுரம் பக்கத்தில் இருந்தும் பயனில்லை. விடுவார்கள் என்றால், மூன்றாவது செமஸ்டர் தொடங்கும் ஜூலையிலேயே துறைத் தலைவரின் கடிதம், மதிப்பெண் நகல், ஒரு பக்கத் திட்டம் மூன்றையும் அனுப்பிவிட வேண்டும். நவம்பரில் அனுப்பினால் இடம் நிரம்பியிருக்கும்.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வேலை என்றால் இன்னும் முந்த வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ், ஆய்வுக்காக உள்ளே போகத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். இலை பறிக்கவும், பூச்சி பிடிக்கவும் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. முன்பே அனுமதி வாங்கி வைத்திருக்கும் ஆசிரியர் இருக்கிற துறையில் சேர்ந்தால் அந்தத் திட்டத்துக்குள்ளேயே நுழைந்துகொள்ளலாம். தாவரவியல், விலங்கியல் சீட் இரண்டு இருந்து குழம்புகிறவர்கள் இந்த ஒரு விவரத்தை வைத்தே முடிவெடுக்கலாம் என்பேன்.

ஐ.ஐ.டி.யும் மத்தியப் பல்கலைக்கழகமும்

ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கான நுழைவுத் தேர்வான ஜாம் எழுதி உங்கள் பாடத்திலேயே ஐ.ஐ.டி. சீட் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கருவி, சக மாணவர்கள், பிராஜெக்ட் மூன்றிலும் வித்தியாசம் பெரியது. முதல் செமஸ்டர் வேகம் மூச்சுமுட்டும், அதற்கு மே மாதத்திலேயே கணித அடிப்படையைத் தூசி தட்டி வையுங்கள். சீட் ஒதுக்கும்போது மூன்று வழி கேட்பார்கள்: ஃப்ரீஸ் (கிடைத்த சீட்டே போதும்), அப்கிரேடு (மேலே கிடைத்தால் மாறுவேன்), விலகல். அப்கிரேடு கொடுத்தால், உங்கள் வரிசையில் மேலே உள்ள இடம் காலியானதும் தானாக அங்கே மாற்றிவிடுவார்கள், பழைய சீட் திரும்ப வராது. ஆகவே உண்மையில் போக விரும்பாத ஊரை வரிசையில் மேலே வைக்காதீர்கள். பதிலே சொல்லாமல் தேதியை விட்டால் ஆட்டத்திலிருந்தே வெளியே.

திருவாரூர், புதுச்சேரி, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு வழி. இங்கே என் பரிந்துரை சற்று நிதானமானது. ஹாஸ்டல் இடம் உறுதி என்று எழுத்தில் இருந்தால் போகலாம். இல்லாமல் வெளியே அறை எடுத்துத் தங்க வேண்டும் என்றால், பாளையங்கோட்டையில் நல்ல கைடோடு இருக்கும் எய்டட் சீட் அதற்குக் குறைந்ததில்லை. அங்கிருந்து நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்தாலும் மாதம் 37,000 ரூபாய் அதே தொகைதான்.

பள்ளி ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் பட்டத்தின் பெயரைப் பாருங்கள். முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் ஒரே பாடமாகவோ, அரசாணையால் இணை என்று ஏற்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். பெயரில் புதுச்சொல் சேர்ந்த படிப்பு என்றால் அந்த அரசாணை எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ‘வந்துரும் தம்பி’ என்று சொன்னால் இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பணமும் சான்றிதழும்

உள்ளூர்க் கல்லூரி ஜூனில் பணம் கட்டச் சொல்லும், ஜாம் சுற்றுகள் அதற்குப் பிறகும் ஓடும். அதனால் இரண்டு இடத்தில் பணம் கட்ட நேர்வது சகஜம். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். அதில் அலுவலகச் செலவாக 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். கடைசித் தேதி ஜூலை 31 என்று வையுங்கள். ஜூலை 10-ல் விலகினால் முழுத் தொகை, ஜூலை 20-ல் 90 சதவீதம், ஆகஸ்ட் 10-ல் 80, ஆகஸ்ட் 25-ல் 50, செப்டம்பர் 5-ல் ஒன்றும் கிடையாது. காஷன் டெபாசிட் என்ற முன்வைப்புத் தொகை எப்போதும் முழுதாக வர வேண்டும். எழுதிக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. சில வருடங்களில் இதைவிடத் தாராளமான சுற்றறிக்கை வரும். 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணமும் என்று சொன்னார்கள். அந்த வருடத்துச் சுற்றறிக்கையைப் பார்த்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கில் நாலு செமஸ்டர் கட்டணம், தேர்வுக் கட்டணம், லேப் உடைப்புக்குப் பிடிப்பது, பஸ் அல்லது ஹாஸ்டல், பிராஜெக்ட் சாம்பிள் செலவு எல்லாம் வர வேண்டும். புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் இளநிலையோடு நின்றுவிடும், அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. வருமானச் சான்றிதழை மே மாதமே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள்.

சரிபார்த்துவிட்டு அசல் மதிப்பெண் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே 2018 அறிவிப்பில் உண்டு. டி.சி. மட்டும் அசலாகக் கேட்பார்கள். அதைக் கொடுக்குமுன் மூன்று நகல் எடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். விலகல் கடிதத்தை இரண்டு பிரதியாகத் தட்டச்சு செய்து, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். மேலே சொன்ன சதவீதமெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தால் மைக்ரேஷன் சான்றிதழும் வேண்டும். சீட் உறுதியாகும் வரை காத்திருக்காமல், பி.எஸ்சி. ரிசல்ட் வந்த வாரமே அதற்கு விண்ணப்பித்து வைத்துவிடுங்கள்.